உம்மையும் அல்லதும்: கணிப்பொறி பயிலத் தொடங்குவோர்க்குக் கூற்றுத் தருக்கமும் கணமும்

கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைகள் எத்துணை நீண்டவையாயினும், அவற்றுள் முடிவு கூறும் பகுதிகள் 'உம்', 'அல்லது', 'அன்று', 'ஆயின்' என்னும் சில சிறு சொற்களையே பற்றி நிற்கின்றன. நாள்தோறும் வழங்கும் சொற்களாதலின் இவற்றைத் தனியே கற்க வேண்டுவதில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு படிவத்திலோ சுற்றறிக்கையிலோ கணிப்பொறி நிரலிலோ இவற்றுள் ஒன்று இடம் மாறினால், தள்ளப்பட வேண்டியவை ஏற்கப்படும். ஏற்கப்பட வேண்டியவை தள்ளப்படும். பதிவேட்டைக் கையால் பிரிக்கும் அலுவலர் ஐயம் தோன்றிய இடத்தில் நின்று, மேலதிகாரியை வினவுவார். கணிப்பொறி வினவாது. எழுதியது எழுதியவாறே, ஆயிரம் பதிவுகளையும் நொடிப்பொழுதில் பிரித்துவிடும்.

இச்சொற்களின் பொருளை வரையறுத்துக் கூறுவது கூற்றுத் தருக்கம். அவ்வரையறையின்படி பொருள்களைத் தொகுத்துக் காண்பது கணக் கொள்கை. இவ்விரண்டும் ஒரே செய்தியின் இரு தோற்றங்கள். களப்பணியாளரும் ஆசிரியரும் ஒருங்கே அறிந்த ஒரு பொருளைக் கொண்டு விளக்குதல் நலமாதலின், நெல் விதைக்குச் சான்றளிக்கும் முறை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

எடுத்துக்கொண்ட பொருள்

இந்தியாவில் 1966 ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தின்கீழ் விதைச் சான்றளிப்பு நடைபெறுகிறது. வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டையும், ஆதார விதைக்கு வெள்ளை அட்டையும், சான்று விதைக்கு நீல அட்டையும் பையில் இணைக்கப்படும். நெல்லின் சான்று விதைக்கு வகுக்கப்பட்ட தரங்களுள் மூன்று வருமாறு: புறத்தூய்மை 98 சதவீதத்திற்குக் குறையலாகாது, முளைப்புத் திறன் 80 சதவீதத்திற்குக் குறையலாகாது, ஈரப்பதம் 13 சதவீதத்திற்கு மிகலாகாது. ஈரம் புகாத கலன்களில் அடைக்கப்படும் விதையாயின் ஈரப்பதம் 8 சதவீதத்திற்கு மிகலாகாது. பாடம் எளிதாகும் பொருட்டுச் சாதாரணப் பைகளில் அடைத்த விதையையும், முளைப்புத் திறன், ஈரப்பதம் என்னும் இரண்டு தரங்களையும் மட்டுமே முதலில் கொள்வோம்.

முளைப்புத் திறன் ஆய்வகத்தில் அறியப்படுவது. குவியலிலிருந்து எடுத்த மாதிரியில் 400 விதைகளை, நூறு நூறாக நான்கு பகுதிகளாக முளைக்க வைத்து, நெல்லுக்குப் பதினான்காம் நாளில் இறுதியாக எண்ணுவர். அவ்வெண்ணிக்கை ஒரு குவியலின் தலைவிதியை முடிவு செய்கிறது. அதன் பின்னே உழவரின் ஒரு பருவமும் நிற்கிறது. முளைக்காத விதை என்பது நாற்றங்காலில்தான் தெரியவரும். அப்பொழுது மறுபடி விதைக்க நீரும் நாளும் இராமற் போகலாம்.

கூற்று என்பது யாது?

மெய் என்றோ பொய் என்றோ துணியத்தக்க வாக்கியம் கூற்று எனப்படும். ஒரு கூற்று மெய்யாகவும் பொய்யாகவும் ஒருங்கே இருத்தல் கூடாது; இரண்டும் அல்லாததாக இருத்தலும் கூடாது. 'விதையை நிழலில் உலர்த்துக' என்பது ஏவல், 'ஈரப்பதம் எவ்வளவு?' என்பது வினா. இவை கூற்றுகள் ஆகா. 'இவ்விதை நல்ல விதை' என்பது வாக்கிய அமைப்பால் கூற்றுப் போலத் தோன்றினும், 'நல்ல' என்பதற்கு அளவு வகுக்கப்படாதவரை அதனை மெய்யென்றோ பொய்யென்றோ துணிய இயலாது. 'இக்குவியலின் ஈரப்பதம் சோதனை நாளில் 13 சதவீதத்திற்கு மிகவில்லை' என்பதே கூற்று. 'சோதனை நாளில்' என்னும் சொற்கள் வீணானவையல்ல. சேமிப்பில் ஈரம் ஏறும். முளைப்புத் திறன் இறங்கும். காலம் குறிக்கப்படாத கூற்று இன்று மெய்யாகி நாளை பொய்யாகும். சான்றுக்கும் ஒன்பது மாதம் என்னும் முதற்கால வரம்பு சோதனை நாளிலிருந்து கணக்கிடப்படுவது இது கருதியே.

இப்பாடம் முழுவதும் இரண்டு எளிய கூற்றுகளை இரண்டு எழுத்துகளால் குறிப்போம்.

'மு': இக்குவியலின் முளைப்புத் திறன் 80 சதவீதத்திற்குக் குறையவில்லை.
'ஈ': இக்குவியலின் ஈரப்பதம் 13 சதவீதத்திற்கு மிகவில்லை.

இணைப்புகள் மூன்று

எளிய கூற்றுகளிலிருந்து கூட்டுக் கூற்றுகளை அமைக்க மூன்று கருவிகள் போதும்.

முதலாவது மறுப்பு. 'மு' மெய்யாயின் அதன் மறுப்புப் பொய். 'மு' பொய்யாயின் அதன் மறுப்பு மெய். '80க்குக் குறையவில்லை' என்பதன் மறுப்பு '80க்குக் குறைந்தது' என்பதாகும். '80க்கு மேற்பட்டது' என்பதன் மறுப்பு '80க்குக் குறைந்தது' ஆகாது. சரியாக 80 என்னும் நிலை விடுபட்டுப்போகும். எல்லையில் நிற்கும் எண்ணை எப்பக்கம் சேர்ப்பது என்பதை நிரல் எழுதுவோர் முதலிலேயே துணிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது உம்மைக் கூற்று. 'முவும் ஈயும்' என்பது இரண்டும் மெய்யாகும்பொழுது மட்டுமே மெய். இது தமிழிலக்கணம் கூறும் எண்ணும்மை.

மூன்றாவது விகற்பக் கூற்று. 'மு அல்லது ஈ' என்பது இரண்டனுள் ஒன்றேனும் மெய்யாயின் மெய். இரண்டும் மெய்யாயினும் மெய்யே. 'காப்பியோ தேநீரோ தரப்படும்' என்று உணவுவிடுதியில் சொன்னால் இரண்டனுள் ஒன்றே கிடைக்கும். 'முதியோரோ கைக்குழந்தை உடையோரோ முன்வரிசையில் அமரலாம்' என்றால், கைக்குழந்தையை ஏந்திவந்த முதியவரை எவரும் தடுப்பதில்லை. தருக்கமும் கணிப்பொறியும் கொள்வது இரண்டாவது பொருளையே. இத்துறையின் முன்னோடியான ஜார்ஜ் பூல் முதற்பொருளையே கையாண்டார். 1864 இல் ஜெவான்ஸ் என்பார் இரண்டாவதைக் கொண்ட பின்னரே இம்முறை இன்றைய எளிமையை அடைந்தது.

இவற்றை மெய் அட்டவணை என்னும் வடிவில் எழுதலாம்.

மு | ஈ | முவும் ஈயும் | மு அல்லது ஈ
மெய் | மெய் | மெய் | மெய்
மெய் | பொய் | பொய் | மெய்
பொய் | மெய் | பொய் | மெய்
பொய் | பொய் | பொய் | பொய்

கூற்றுகள் இரண்டாயின் நிரைகள் 4, மூன்றாயின் 8, நான்காயின் 16. கூற்று ஒன்று மிகுந்தோறும் நிரைகள் இரு மடங்காகும். ஒரு விதியில் பத்து நிபந்தனைகள் இருப்பின் ஆராய வேண்டிய நிலைகள் 1,024. இத்தனையையும் மனத்தாற் கண்டு முடித்தல் அரிது என்பதனால்தான் விதிகளைத் தருக்க வடிவில் சுருக்கக் கற்கவேண்டியுள்ளது.

கணம்

ஒரு பொருள் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று ஐயமின்றித் துணியத்தக்க தொகுப்புக் கணம் எனப்படும். இக்கொள்கையை ஜெர்மானியக் கணிதவியலார் கியார்க் காண்டர் 1874 முதல் வெளியிட்ட கட்டுரைகளால் நிலைநாட்டினார். 'உயரமானவர்களின் தொகுப்பு' கணம் ஆகாது; '170 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமுடையோரின் தொகுப்பு' கணம் ஆகும். கூற்றுக்குக் கூறிய நிபந்தனையே இங்கும் திரும்பி வருகிறது.

ஒரு பருவத்தில் ஒரு நிலையத்தில் சோதிக்கப்பட்ட குவியல்கள் அனைத்தையும் அனைத்துக் கணம் எனக் கொள்வோம். அவற்றுள் 'மு' என்னும் கூற்று எவற்றுக்கு மெய்யாகிறதோ அவற்றின் தொகுப்பை 'மு' கணம் என்போம். 'ஈ' கணமும் அவ்வாறே. இப்பொழுது உம்மைக் கூற்றுக்கு ஒப்பாவது இரண்டு கணங்களுக்கும் பொதுவான பகுதி. இது வெட்டு எனப்படும். விகற்பக் கூற்றுக்கு ஒப்பாவது இரண்டையும் ஒன்றாக்கிய தொகுப்பு; இது சேர்ப்பு எனப்படும். மறுப்புக்கு ஒப்பாவது, அனைத்துக் கணத்தில் அக்கணத்திற்கு வெளியே நிற்கும் பகுதி. இது நிரப்பி எனப்படும். ஜான் வென் 1880 இல் விளக்கிய முறைப்படி, ஒரு செவ்வகத்தினுள் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்களை வரைந்தால் இம்மூன்றையும் கண்ணாற் காணலாம். செவ்வகம் அனைத்துக் கணம். அது நான்கு பகுதிகளாகப் பிரிந்து நிற்கும். மெய் அட்டவணையின் நான்கு நிரைகளும் அந்நான்கு பகுதிகளே.

நிரப்பியைக் கூறுமுன் அனைத்துக் கணம் எது என்று கூறியாக வேண்டும். நிலையத்திற்கு 45 குவியல்களின் மாதிரிகள் வந்தன என்றும், 40 மட்டும் சோதிக்கப்பட்டு 5 நிலுவையில் உள்ளன என்றும் கொள்வோம். சோதிக்கப்பட்டவற்றுள் 31 தேறின. 'தேறியவை நீங்கலாக எஞ்சியவற்றைத் தள்ளுக' என்று கணிப்பொறிக்குக் கட்டளையிட்டால், அது 9 குவியல்களைத் தள்ளுமா, 14 குவியல்களையா? சோதிக்கப்பட்டவையே அனைத்துக் கணம் என்று எழுதியிருந்தால் 9. பதிவேட்டிலுள்ளவை யாவும் என்று எழுதியிருந்தால் 14. பின்னைய முறையில், இன்னும் சோதிக்கப்படாத ஐவரின் விதை சோதனையின்றியே தள்ளப்பட்டுவிடும். 'தேறாதது' வேறு, 'தேறியதாக இன்னும் அறியப்படாதது' வேறு. பதிவேட்டில் வெற்றிடமாக விடப்பட்ட கட்டம் 'இல்லை' என்னும் விடையாகக் கொள்ளப்படலாகாது.

மறுப்பின் விதி

இப்பாடத்தின் நடுநாயகமான பகுதி இது. உம்மைக் கூற்று ஒன்றை மறுத்தால் பெறப்படுவது யாது?

'முவும் ஈயும் மெய்' என்பதே குவியல் தேறுவதற்குரிய விதி. தேறாமைக்குரிய விதி அதன் மறுப்பு. அட்டவணையில் 'முவும் ஈயும்' பொய்யாகும் நிரைகள் மூன்று: மு மட்டும் பொய், ஈ மட்டும் பொய், இரண்டும் பொய். இம்மூன்றையும் ஒருசேரக் கூறுவது 'மு பொய் அல்லது ஈ பொய்' என்னும் விகற்பக் கூற்று. எனவே:

'முவும் ஈயும்' என்பதன் மறுப்பு, 'முவின் மறுப்பு அல்லது ஈயின் மறுப்பு' ஆகும்.
'மு அல்லது ஈ' என்பதன் மறுப்பு, 'முவின் மறுப்பும் ஈயின் மறுப்பும்' ஆகும்.

மறுப்பு உட்புகும்பொழுது உம்மை அல்லதாகவும், அல்லது உம்மையாகவும் மாறுகின்றன. கண மொழியில், வெட்டின் நிரப்பி நிரப்பிகளின் சேர்ப்பு. சேர்ப்பின் நிரப்பி நிரப்பிகளின் வெட்டு. இவை டி மார்கன் விதிகள் எனப்படும். அகஸ்டஸ் டி மார்கன் 1806 இல் மதுரையில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். பின்னர் இலண்டனில் யூனிவர்சிட்டி கல்லூரியின் கணிதப் பேராசிரியராக விளங்கினார். டில்லி ஆசிரியர் இராமச்சந்திரர் கல்கத்தாவில் 1850 இல் வெளியிட்ட கணித நூலை 1859 இல் இலண்டனில் மறுபதிப்பாகக் கொணர்ந்தவரும் இவரே.

இனி இவ்விதியைப் பிழைபடக் கொள்வதன் விளைவைக் காண்போம். சோதிக்கப்பட்ட 40 குவியல்களுள் முளைப்புத் திறனில் தவறியவை 6, ஈரப்பதத்தில் தவறியவை 5, இரண்டிலும் தவறியவை 2 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலேனும் தவறியவை எத்தனை? 6ஐயும் 5ஐயும் கூட்டினால் 11 வரும். இரண்டிலும் தவறிய 2 குவியல்கள் இருமுறை எண்ணப்பட்டமையால் அவற்றை ஒருமுறை கழிக்க வேண்டும். விடை 9. தேறியவை 31.

தேறுதற்குரிய விதியைச் சரியாக எழுதிய ஒருவர், தள்ளுதற்குரிய விதியைக் கீழ்வருமாறு எழுதுகிறார் எனக் கொள்க: 'முளைப்புத் திறன் 80 சதவீதத்திற்குக் குறைந்தும், ஈரப்பதம் 13 சதவீதத்திற்கு மிகுந்தும் உள்ள குவியல்கள் தள்ளப்படும்.' முதல் விதியில் உம்மை இருந்ததனால் இரண்டாவதிலும் அதனை அவ்வாறே விட்டுவிட்டார். படிக்கும்பொழுது குறையொன்றும் தோன்றாது. கணிப்பொறியோ இவ்விதியின்படி இரண்டிலும் தவறிய 2 குவியல்களை மட்டும் தள்ளும். ஒன்றில் மட்டும் தவறிய 7 குவியல்கள் கிடங்கிலிருந்து வெளியேறும். அவற்றுள் 4 குவியல்களில் ஈரம் சரியாக உள்ளது. ஆனால் விதை போதுமான அளவு முளைக்காது. அக்குவியல்களின் பைகளை வாங்கும் உழவர்க்கு அப்பிழை ஓர் இடைச்சொல்லின் பிழையாகத் தோன்றாது. பாத்தியில் கிடக்கும் வெற்றிடமாகவே தோன்றும்.

இவ்வகைப் பிழைக்குப் பாதுகாப்பு எளிது. தள்ளுதற்கெனத் தனி விதி எழுதாமல், தேறுதற்குரிய விதியை ஒருமுறை எழுதி, 'அது பொய்யாகும் சோதிக்கப்பட்ட குவியல்கள் அனைத்தும்' என்று கூறுதல் ஒரு வழி. இரண்டு விதிகளும் வேண்டுமெனின், ஏற்கப்பட்டவையும் தள்ளப்பட்டவையும் கூடிச் சோதிக்கப்பட்டவற்றின் தொகைக்குச் சமமாகின்றனவா என்று பார்த்தல் மற்றொரு வழி. மேற்கூறிய பிழையில் 31உம் 2உம் கூடி 33 ஆகும், 40 ஆகாது. விடுபட்ட 7 உடனே வெளிப்படும்.

தமிழ் வழக்கில் ஓர் எச்சரிக்கை

'எல்லாக் குவியல்களும் தேறவில்லை' என்று ஓர் அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றுகூடத் தேறவில்லை என்பது பொருளா? சில தேறின, சில தேறவில்லை என்பது பொருளா? தமிழில் இவ்விரண்டு பொருளும் இயலும். இது புதிதாகத் தோன்றிய குழப்பமன்று. முற்றும்மை எதிர்மறை வினையோடு சேரும்பொழுது எச்சப்பொருளும் தரும் என்று இலக்கண நூலார் பண்டே விதித்துள்ளனர். பத்தும் கொடாதே என்றால், சிலவற்றைக் கொடு என்பதும் பொருளாகக் கூடும்.

பேச்சில் குரலும் இடமும் பொருளைத் தெளிவாக்கும். எழுத்தில், அதிலும் கணிப்பொறிக்கென எழுதும் எழுத்தில், அத்துணை கிடையாது. ஆகவே 'ஒரு குவியலும் தேறவில்லை' என்றோ, 'குவியல்களுள் ஒன்றேனும் தேறவில்லை' என்றோ பிரித்து எழுதுதல் வேண்டும். 'முளைப்புத் திறனும் ஈரப்பதமும் தரத்திற்கு ஏற்றவையாக இல்லை' என்பதும் இவ்வாறே இருபொருள்படும். இரண்டும் தவறின என்றால் 'இரண்டும் தரத்திற்குப் புறம்பானவை' என்க. ஒன்றேனும் தவறியது என்றால் அதனை அவ்வாறே வெளிப்படக் கூறுக.

நிபந்தனைக் கூற்று

'பையில் நீல அட்டை இருக்குமாயின், முளைப்புத் திறன் 80 சதவீதத்திற்குக் குறையாது' என்பது நிபந்தனைக் கூற்று. இது எப்பொழுது பொய்யாகும்? நீல அட்டை இருந்தும் முளைப்புத் திறன் குறைந்திருந்தால் மட்டுமே. அட்டையில்லாப் பையில் முளைப்புத் திறன் எவ்வாறிருப்பினும் இக்கூற்றுக்குக் கேடில்லை. அட்டையில்லாப் பையைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. கண மொழியில், நீல அட்டை பெற்றவற்றின் கணம், முளைப்பில் தேறியவற்றின் கணத்தினுள் முழுவதும் அடங்கும் உட்கணம் ஆகும்.

நிபந்தனைக் கூற்றைத் திருப்பினால் மறுதலை கிடைக்கும்: 'முளைப்புத் திறன் 80க்குக் குறையாதாயின் நீல அட்டை இருக்கும்.' மூலக் கூற்று மெய்யாயிருப்பதனால் மறுதலையும் மெய்யாதல் வேண்டும் என்பதில்லை. உழவர் தம் வீட்டில் காத்துவைத்த விதை நூற்றுக்குத் தொண்ணூறு முளைக்கலாம். அதற்கு அட்டை இராது. இரு பகுதிகளையும் திருப்பி, இரண்டையும் மறுத்தால் கிடைப்பது நேர்மாறு: 'முளைப்புத் திறன் 80க்குக் குறையுமாயின் நீல அட்டை இராது.' இது மூலக் கூற்றோடு முழுதும் ஒத்தது.

இவ்வேறுபாட்டை இந்தியத் தருக்க நூலார் நன்குணர்ந்திருந்தனர். நியாய நூல்களில் வரும் பழைய எடுத்துக்காட்டு, மலையிற் புகை கண்டு நெருப்பை அறிதல். எங்குப் புகையோ அங்கு நெருப்பு, அடுக்களையிற் போல. எங்கு நெருப்பில்லையோ அங்குப் புகையில்லை, நீர்நிலையிற் போல. முன்னது உடன்பாட்டு வழி, பின்னது எதிர்மறை வழி. பின்னது முன்னதன் நேர்மாறே. 'எங்கு நெருப்போ அங்குப் புகை' என்னும் மறுதலையை அவர்கள் ஏற்கவில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பு உருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று காட்டினர்.

இவ்வேறுபாடு சோதனைப் பணியில் நேரே பயன்படுவது. நான்கு பதிவுச் சீட்டுகள் மேசைமேல் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் அட்டை உண்டா இல்லையா என்பதும், மறுபக்கத்தில் முளைப்புத் திறனும் எழுதப்பட்டுள்ளன. மேலே தெரிபவை: 'நீல அட்டை உண்டு', 'அட்டை இல்லை', '86 சதவீதம்', '71 சதவீதம்'. மேற்கூறிய விதி மீறப்பட்டுள்ளதா என்று அறிய எச்சீட்டுகளைத் திருப்ப வேண்டும்?

ஆங்கில உளவியலாளர் பீட்டர் வேசன், எழுத்தும் எண்ணும் எழுதிய அட்டைகளைக் கொண்டு இத்தகைய வினாவை 1966 இல் அமைத்தார். சரியான விடை கூறியோர் மிகச் சிலரே. பெரும்பாலோர் முதற்சீட்டையும், விதியில் கூறப்பட்ட மதிப்புக்கு ஒத்த மூன்றாவது சீட்டையும் திருப்ப முனைவர். மூன்றாவதைத் திருப்புவதில் பயனில்லை. 86 சதவீத விதைக்கு அட்டை இருப்பினும் இல்லாவிடினும் விதி மீறப்படவில்லை. திருப்ப வேண்டியவை முதலாவதும் நான்காவதுமே. 71 சதவீத விதையின் பின்புறம் நீல அட்டை இருந்தால் அதுவே மீறல். விதிக்கு உடன்பட்ட பதிவுகளை எத்தனை திருப்பினாலும் மீறல் வெளிப்படாது; நேர்மாறு காட்டும் இடத்தில்தான் தேட வேண்டும்.

மேலும் ஒரு குறிப்பு. நீல அட்டைப் பை ஒன்றேனும் இல்லாத கிடங்கிலிருந்து, 'இக்கிடங்கில் நீல அட்டை பெற்ற பைகள் யாவும் தேறின' என்று அறிக்கை வருமாயின், தருக்கப்படி அது மெய்யே. அதனைப் பொய்யாக்க ஒரு பை வேண்டும், பையே இல்லை. வெற்றுக் கணம் எந்தக் கணத்திற்கும் உட்கணம் என்பது இதன் கண வடிவம். ஆதலால் 'யாவும் தேறின' என்னும் அறிக்கையோடு எத்தனையுள் என்பதையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். பூச்சியத்தில் பூச்சியமும் 'யாவும்' எனப்படும்.

கூற்றிலிருந்து கணிப்பொறிக்கு

ஆங்கிலேயரான ஜார்ஜ் பூல் பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்தவர். 1849 முதல் அயர்லாந்தில் கார்க் நகரக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். தருக்கத்தை இயற்கணிதம்போல் எழுதலாம் என்பதை 1847 இல் ஒரு சிறு நூலாலும், 1854 இல் ஒரு பெரு நூலாலும் காட்டினார். மெய்யை 1 என்றும் பொய்யை 0 என்றும் கொண்டால், உம்மை பெருக்கல்போல் நடக்கும்: ஒன்று 0 ஆயினும் விடை 0.

இதற்குப் பொறியில் இடமுண்டு என்பதைத் தெளிவாக நிறுவியவர் அமெரிக்கரான கிளாட் ஷானன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1937 இல் முதுநிலைப் பட்டத்திற்கு எழுதி 1938 இல் வெளியான கட்டுரையில், மின்சுற்றின் ஆளிகளைப் பூல் இயற்கணிதத்தால் விவரித்தார். இரண்டு ஆளிகளை ஒரே கம்பியில் அடுத்தடுத்து வைத்தால், இரண்டும் மூடினாலன்றி விளக்கெரியாது, இது உம்மை. பக்கம் பக்கமாக இரண்டு கிளைகளில் வைத்தால், ஒன்று மூடினாலும் எரியும், இது அல்லது. மாடிப்படியின் மேலும் கீழும் உள்ள இரண்டு ஆளிகளால் ஒரே விளக்கை இயக்குவதைப் பலர் கண்டிருப்பர். அங்கு ஆளிகள் வேறுபட்ட நிலையில் நின்றால் எரியும், ஒத்த நிலையில் நின்றால் அணையும் எனக் கம்பியிணைக்கலாம். இது 'ஒன்று மட்டும்' என்னும் விலக்கு விகற்பம். 'மு அல்லது ஈ' மெய்யாகவும், 'முவும் ஈயும்' பொய்யாகவும் இருத்தல் என்று முன்கூறிய மூன்று கருவிகளாலேயே இதனை எழுதலாம்.

இவற்றைக் கொண்டு கூட்டல் செய்யலாம். இரும எண்களில் ஓரிலக்கக் கூட்டல்கள் நான்கே:

0 + 0 = 00
0 + 1 = 01
1 + 0 = 01
1 + 1 = 10

வலப்புற இலக்கத்தை நோக்குக: இரண்டனுள் ஒன்று மட்டும் 1 ஆயின் அது 1, இது விலக்கு விகற்பம். இடப்புற இலக்கத்தை நோக்குக: இரண்டும் 1 ஆயின் மட்டும் 1, இது உம்மை. ஆகவே கூட்டல் என்னும் கணிதச் செயல், 'உம்', 'அல்லது', 'அன்று' என்னும் சொற்களாக முழுவதும் பிரிந்துவிடுகிறது. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு 1955 இல் வந்த எச். ஈ. சி. 2எம் கணிப்பொறியும், பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கப்பெற்று 1960 இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியும் இம்முறையிலேயே எண்களைக் கூட்டின. இன்று நகத்தளவுச் சில்லில் கோடிக்கணக்கான நுண் ஆளிகள் அடங்குகின்றன. அவை செய்யும் செயல் மாறவில்லை.

டி மார்கன் விதி இங்கும் துணைபுரிகிறது. 'மு அல்லது ஈ' என்பது, 'முவின் மறுப்பும் ஈயின் மறுப்பும்' என்பதன் மறுப்புக்குச் சமம். எனவே உம்மையும் மறுப்பும் இருந்தால் அல்லது தானே அமையும்.

ஆசிரியர்க்குச் சில குறிப்புகள்

குறியீடுகளை முதல் நாளிலேயே கரும்பலகையில் எழுதுதல் வேண்டா. வகுப்பின் மாணவரையே அனைத்துக் கணமாகக் கொண்டு, மிதிவண்டியில் வருவோர் ஒருபுறமும், கூடப்பிறந்த தங்கை உடையோர் ஒருபுறமும் நிற்கச் சொன்னால், இரண்டிற்கும் உரியவர் எங்கு நிற்பது என்று தாமே வினவுவர். வெட்டு என்னும் கருத்து அவ்வினாவில் பிறக்கும். தரையில் சுண்ணத்தால் இரண்டு வட்டங்கள் வரைந்தால் போதும். இரண்டிலும் சேராதோர் வட்டங்களுக்கு வெளியே, ஆனால் வகுப்பறைக்குள்ளே நிற்பர். 'இரண்டு வட்டங்களிலும் நிற்போர் அல்லாதோர் கை தூக்குக' என்று கூறி, எவரெவர் தூக்குகின்றனர் என்று எண்ணச் செய்தால், மறுப்பின் விதி மனப்பாடமின்றி விளங்கும். அட்டவணைகளை அதன் பின் எழுதலாம்.

பயிற்சி

1. 'புறத்தூய்மை 98 சதவீதத்திற்குக் குறையவில்லை. முளைப்புத் திறன் 80க்குக் குறையவுமில்லை. ஈரப்பதம் 13க்கு மிகவுமில்லை.' இம்மூன்றையும் இணைத்த உம்மைக் கூற்றை மறுத்து எழுதுக.

2. சோதித்த 60 குவியல்களுள் முளைப்பில் தவறியவை 8, ஈரப்பதத்தில் தவறியவை 7, இரண்டிலும் தவறியவை 3. ஒன்றிலேனும் தவறியவை எத்தனை? ஒன்றில் மட்டும் தவறியவை எத்தனை? தேறியவை எத்தனை?

3. 'ஓர் எண் 4 ஆல் வகுபடுமாயின் 2 ஆலும் வகுபடும்.' இதன் மறுதலையையும் நேர்மாறையும் எழுதி, எது மெய் என்று கூறுக.

4. முதலிரு ஆளிகளும் மூடியிருந்தாலோ, மூன்றாவது ஆளி மூடியிருந்தாலோ ஒரு விளக்கு எரியும். ஆளிகளின் 8 நிலைகளுள் எத்தனையில் எரியும்?

விடைகள்

1. புறத்தூய்மை 98க்குக் குறைந்தது, அல்லது முளைப்புத் திறன் 80க்குக் குறைந்தது, அல்லது ஈரப்பதம் 13க்கு மிகுந்தது.

2. முறையே 12, 9, 48.

3. மறுதலை: 2 ஆல் வகுபடுமாயின் 4 ஆலும் வகுபடும். இது பொய், 6 ஒரு சான்று. நேர்மாறு: 2 ஆல் வகுபடாதாயின் 4 ஆலும் வகுபடாது. இது மெய்.

4. மூன்றாவது ஆளி மூடிய நிலைகள் 4; அது திறந்து, மற்ற இரண்டும் மூடிய நிலை 1. ஆக 5.